70 வயதில் கை ஊன்றாமல் எழ, 45-இல் செய்ய வேண்டியவை

"தினமும் அரைமணி நேரம் நடக்கிறேன், அது போதாதா?" உடற்பயிற்சி என்றதும் நடுவயதுப் பெண்கள் முதலில் கேட்பது இதுதான். இதயத்துக்கும் ரத்தச் சர்க்கரைக்கும் மனதுக்கும் நடை மிக நல்லது. ஆனால் தாழ்வான இருக்கையிலிருந்து எழ, கனமான பையோடு மாடி ஏற, கால் தடுக்கினால் விழாமல் சமாளிக்க, தரையில் உட்கார்ந்தால் யார் கையையும் பிடிக்காமல் எழுந்திருக்க அது மட்டும் போதாது. சமதரையில் நடக்கும்போது தொடைத்தசை தன் வலிமையில் சிறு பங்கைத்தான் செலவிடுகிறது. மீதிக்கு வேலை இல்லை. வேலை இல்லாத தசையை உடல் வைத்துக்கொள்ளாது.

30 வயதைத் தாண்டியபின், பயிற்சி இல்லாத உடலில் 10 ஆண்டுக்கு 3 முதல் 8 சதவீதம் வரை தசை குறைகிறது. தசையின் அளவு குறைவதைவிட வலிமை வேகமாகக் குறையும். வலிமையையும் முந்திக்கொண்டு, சட்டென்று விசை கொடுக்கும் திறன் குறையும். தடுக்கி விழப்போகும் கணத்தில் காலை முன்னே வீசிப் போட்டு நிற்பதற்கு வேண்டியது இந்தக் கடைசித் திறன்தான். எலும்பின் கணக்கு வேறு. கடைசி மாதவிடாய்க்கு ஏறத்தாழ ஓராண்டு முன்பிருந்தே எலும்பு வேகமாகக் கரையத் தொடங்கி, அதன்பின் இரண்டாண்டு அதே வேகத்தில் கரைகிறது. முதுகெலும்பில் இந்த இழப்பு ஆண்டுக்குச் சுமார் 2 சதவீதம். பிறகு வேகம் தணிந்தாலும் நிற்பதில்லை. 45-க்கும் 60-க்கும் இடைப்பட்ட காலத்தைப் பற்றி இவ்வளவு பேசக் காரணம் இதுதான்.

இந்த வயதும் கடந்துவிட்டதே என்று யாரும் விட்டுவிட வேண்டியதில்லை. 1946-51-இல் பிறந்த பெண்களை ஆஸ்திரேலியாவில் 1996 முதல் தொடர்ந்து கவனித்துவருகிறார்கள். நடுவயது முழுக்கச் சுறுசுறுப்பாக இருந்தவர்கள் மட்டுமல்ல, 50-களின் நடுவில்தான் தொடங்கியவர்களும், 70-ஐ நெருங்கும்போது உடல்நல மதிப்பீட்டில் பயிற்சியே செய்யாதவர்களைவிட நல்ல நிலையில் இருந்தார்கள். 1990-இல் வெளியான ஒரு சிறிய அமெரிக்க ஆய்வில், 90 வயதை ஒட்டிய முதியோர் இல்லவாசிகள் 8 வார எடைப்பயிற்சியில் கால் வலிமையைச் சராசரியாக 174 சதவீதம் கூட்டிக்கொண்டார்கள். முன்கூட்டித் தொடங்குவது நல்லது, அவ்வளவுதான்.

முதலில் அளந்து பாருங்கள்

எடை பார்க்கும் இயந்திரம் இங்கே உதவாது. தசை கரைந்து கொழுப்பு ஏறினாலும் அது அதே எண்ணைத்தான் காட்டும். கீழே உள்ள நான்கையும் ஒரே நாளில் செய்து, தேதியோடு எழுதி வையுங்கள். வெறுங்காலோ வழுக்காத காலணியோ போதும். சாக்ஸ் மட்டும் போட்டுக்கொண்டு செய்ய வேண்டாம்.

முதலாவது, நாற்காலிச் சோதனை. இருக்கை 43 செ.மீ. உயரமுள்ள, கை இல்லாத, நகராத நாற்காலியைச் சுவரில் சாய்த்துப் போடுங்கள். கைகளை மார்பில் குறுக்காக வைத்து, 30 நொடியில் எத்தனை முறை முழுவதும் எழுந்து முழுவதும் உட்கார முடிகிறது என்று எண்ணுங்கள். முட்டி நிமிராமல் பாதியில் உட்கார்ந்தால் அது கணக்கில் சேராது. கையை ஊன்றினால் அன்றைய எண்ணிக்கை பூஜ்யம். 60-64 வயதுப் பெண்ணுக்கு 12-க்குக் கீழே, 65-69-இல் 11-க்குக் கீழே, 70-79-இல் 10-க்குக் கீழே வந்தால் அந்த வயதுக்குக் குறைவு. இப்போதே 50 வயதில் 14 தாண்டவில்லை என்றால் கையிருப்பு மெலிதாக இருக்கிறது என்றுதான் கொள்ள வேண்டும்.

இரண்டாவது, ஒற்றைக்காலில் நிற்பது. பக்கத்தில் பிடிமானம் இருக்கட்டும், ஆனால் பிடிக்காதீர்கள். 10 நொடி இரு காலிலும் தனித்தனியே நிற்க முடிய வேண்டும். 50 தாண்டியவர்களில் இந்த 10 நொடியைத் தொடமுடியாதவர்களுக்கு அடுத்த சில ஆண்டுகளில் உயிரிழப்பு அபாயம் கூடுதலாக இருந்ததை 2022-இல் வெளியான பிரேசில் ஆய்வு காட்டியது. ஒரு கால் நன்றாகவும் மறுகால் மோசமாகவும் வந்தால் மோசமான காலின் எண்தான் உங்கள் எண்.

மூன்றாவது, நடை வேகம். 6 மீட்டர் தூரத்தை வழக்கமான நடையில் கடக்க 6 நொடிக்கு மேல் ஆனால், அதாவது நொடிக்கு 1 மீட்டருக்குக் குறைந்தால், ஆசியர்களுக்கான 2019 தசைத்தேய்வு அளவுகோலில் அது எச்சரிக்கைக் கோடு. புறப்படும்போதும் நிற்கும்போதும் வேகம் குறையும் என்பதால், ஓரிரு மீட்டர் முன்பே நடக்கத் தொடங்கி, கோட்டைத் தாண்டியும் ஓரிரு மீட்டர் நடந்து நிறுத்துங்கள்.

நான்காவது, தரையில் உட்கார்ந்து எழுவது. இதற்கு நேரம் பார்க்க வேண்டாம். எத்தனை இடத்தில் ஊன்றினீர்கள் என்று மட்டும் பாருங்கள்: ஒரு கை, இரு கை, முட்டி, பக்கத்து நாற்காலி. எழுதி வைத்துக்கொண்டு 12 வாரம் கழித்து ஒப்பிடுங்கள்.

நெஞ்சுவலி, சிறு உழைப்புக்கே மூச்சுத்திணறல், காரணமில்லாத மயக்கம், கட்டுக்குள் வராத ரத்த அழுத்தம், லேசாக விழுந்தே எலும்பு முறிந்த வரலாறு, அண்மையில் செய்த அறுவைச் சிகிச்சை ஆகியவற்றில் ஏதாவது இருந்தால் சோதனைக்கு முன்பே மருத்துவரைப் பாருங்கள். மற்றவர்கள் லேசாகத் தொடங்கப் பெரும்பாலும் யாரிடமும் அனுமதிச் சீட்டு வாங்க வேண்டியதில்லை.

வலிமைப் பயிற்சி: வாரம் இரண்டு நாள்

உலக சுகாதார நிறுவனத்தின் 2020 வழிகாட்டுதலில் எல்லாப் பெரியவர்களுக்கும் வாரம் 150 முதல் 300 நிமிட மிதமான உழைப்போடு, பெரிய தசைகளுக்கு வாரம் 2 நாளாவது வலிமைப் பயிற்சியும் உண்டு. முதல் பாதி எல்லோருக்கும் தெரிந்திருக்கிறது. இரண்டாவது பாதி காதில் விழுவதே இல்லை. இரண்டில் ஒன்றைத்தான் செய்ய நேரம் இருக்கிறது என்றால், ஏற்கெனவே நடப்பவர்கள் ஒரு நாள் நடையைக் குறைத்துக்கொண்டு வலிமைப் பயிற்சியைச் சேர்ப்பதே மேல்.

இரண்டு நாளுக்கும் இடையே குறைந்தது 48 மணி நேரம் விடுங்கள். ஒரு முறைக்கு 30-40 நிமிடம் போதும். தொடக்கத்தில் 5 நிமிடம் அறைக்குள் வேகமாக நடந்து, தோளையும் இடுப்பையும் சுழற்றி உடலைச் சூடாக்குங்கள்.

நாற்காலி ஸ்குவாட்: பாதங்கள் இடுப்பகலம், விரல்கள் சற்றே வெளியே. இடுப்பைப் பின்னால் தள்ளி, மூன்று நொடி எடுத்து இறங்குங்கள். இருக்கையில் தொப்பென்று விழுந்தால் பாதிப் பயன் போய்விடும், ஏனெனில் இறங்கும்போது தாங்குவதுதான் தொடைக்குப் பெரிய வேலை. லேசாகத் தொட்டவுடன் பாதம் முழுவதையும் அழுத்தி எழுங்கள். முட்டிகள் உள்நோக்கிச் சாய்வது பெண்களிடம் அடிக்கடி காணும் தவறு. சுண்டுவிரல் பக்கம் முட்டியைத் தள்ளுவதாக நினைத்துக்கொண்டால் சரியாகும். 43 செ.மீ. கடினமாக இருந்தால் இருக்கையில் கெட்டியான மெத்தை ஒன்றைப் போட்டு உயர்த்துங்கள். 12 முறை எளிதாக வந்தால் மெத்தையை எடுங்கள். அதுவும் எளிதானால் முதுகுப்பையில் புத்தகங்களை வைத்து, பையை முன்பக்கம் மார்போடு அணைத்துக்கொள்ளுங்கள். 2 கிலோவில் தொடங்கி 1-2 கிலோவாகக் கூட்டலாம்.

இடுப்பு மடிப்பு: தரையிலிருந்து கனமானதைத் தூக்கும் அசைவு இது. ஜிம்மில் டெட்லிஃப்ட் என்பார்கள். இதைச் சரியாகக் கற்க ஒரு துடைப்பக் கம்பு போதும். கம்பை முதுகோடு சேர்த்து நெடுக்காகப் பிடியுங்கள். தலையின் பின்பக்கம், தோள்பட்டைகளின் நடு, வால் எலும்பு ஆகிய மூன்று இடத்திலும் அது பட வேண்டும். முட்டியைச் சற்றே தளர்த்தி, பின்னால் உள்ள கதவைப் புட்டத்தால் சாத்துவதுபோல் இடுப்பைப் பின்னே கொண்டுபோங்கள். மூன்றில் ஒரு இடம் கம்பை விட்டு விலகினால் முதுகு வளைந்துவிட்டது என்று அர்த்தம். அங்கேயே நின்று திரும்புங்கள். கம்போடு 10 முறை பிசகாமல் வந்தபின் எடையைக் கையில் எடுக்கலாம். எடை எப்போதும் தொடையை உரசியபடியே இறங்க வேண்டும். உடலை விட்டு ஒரு சாண் விலகினால்கூடக் கீழ்முதுகில் விழும் சுமை வெகுவாகக் கூடும்.

படி ஏறுதல்: 15-20 செ.மீ. உயரப் படியில் ஒரு காலை முழுப் பாதமும் பதியுமாறு வைத்து, அந்தக் காலின் பலத்தில் மட்டும் ஏறுங்கள். கீழே உள்ள கால் எம்பித் தள்ளுவதுதான் இங்கே நடக்கும் ஏமாற்று. அந்தக் காலின் விரல்களை மேல்நோக்கித் தூக்கிக்கொண்டால் எம்ப முடியாது. இறங்கும்போது மெதுவாக. மாடிப்படியில் இறங்குவதற்கு முட்டி பயப்படுகிறவர்களுக்கு இதுதான் மருந்து. உயரத்தை 10 செ.மீ.-இல் தொடங்கினாலும் குறைவில்லை.

குதிகால் உயர்த்தல்: சுவரை விரல்நுனியால் தொட்டபடி இரு குதிகாலையும் முழு உயரத்துக்குத் தூக்கி, ஒரு நொடி நிறுத்தி, மெதுவாக இறக்குங்கள். 15-20 வந்தபின் ஒற்றைக்காலுக்கு மாறுங்கள். கெண்டைத்தசைதான் நடையில் உடலை முன்னே தள்ளுகிறது. முதுமையில் காலடி சுருங்குவதற்கு இந்தத் தசை சோர்ந்துபோவது முக்கியக் காரணம். அப்படியிருந்தும் பெரும்பாலான வீட்டுப் பயிற்சிப் பட்டியல்களில் இது விட்டுப்போகிறது.

தள்ளுதலும் இழுத்தலும்: சுவரில் கை ஊன்றிச் செய்யும் புஷ்-அப்பில் தொடங்கி, அசையாத சமையல் மேடை, பிறகு உறுதியான தாழ்ந்த பெஞ்ச் என்று கீழே இறங்குங்கள். முழங்கை உடலிலிருந்து 45 பாகை அளவே விலகட்டும். 90 ஆனால் தோள் முனகும். இழுப்பதற்கு, கதவுப் பிடியில் சுற்றிய ரெசிஸ்டன்ஸ் பேண்ட் (இழுவிசைக்கான ரப்பர் பட்டை) வேண்டும். கதவு நீங்கள் இழுக்கும் பக்கம் திறப்பதாக இருக்கக்கூடாது. கைகளை இழுக்கும் முன் தோள்பட்டைகளைப் பின்னே சேர்த்துக்கொள்ளுங்கள். கூன் விழாமல் பார்த்துக்கொள்வதில் தள்ளுவதைவிட இழுப்பதற்கே பங்கு அதிகம், ஆகவே தள்ளுவதற்கு 2 செட் (ஓய்வில்லாமல் தொடர்ந்து செய்யும் ஒரு சுற்றுதான் ஒரு செட்) என்றால் இழுப்பதற்கு 3.

சுமந்து நடத்தல்: இரு கையிலும் சம எடைப் பையோடு 20-30 மீட்டர் நிமிர்ந்து நடங்கள். பிறகு ஒரு கையில் மட்டும். சாயாமல் நடப்பதற்கு வயிற்றுப் பக்கத் தசைகள் உழைக்கும். கைப்பிடி வலிமையும் இதில்தான் வளரும். பெண்களுக்குப் பிடி வலிமை 18 கிலோவுக்குக் கீழே இறங்குவது அந்த 2019 ஆசிய அளவுகோலில் தசைத்தேய்வின் அடையாளங்களில் ஒன்று.

எவ்வளவு எடை?

பலரும் தவறுவது இங்கேதான். 1 கிலோ டம்பெல் இரண்டை வாங்கி, அதையே மூன்றாண்டு தூக்குவார்கள். 30 முறை தூக்கினாலும் மூச்சு மாறாது, தசையும் மாறாது. வீட்டில் தண்ணீர்க்குடம் தூக்குகிற கைக்கு 1 கிலோ என்ன செய்யும்?

விதி இதுதான். ஒரு செட்டில் 8 முதல் 12 முறை. அந்தக் கடைசி முறையை முடிக்கும்போது, "இன்னும் இரண்டு முறைதான் ஒழுங்காகச் செய்ய முடியும்" என்று தோன்ற வேண்டும். ஐந்தாறு முறை செய்யலாம் என்று தோன்றினால் எடை போதவில்லை. ஒன்றுகூட முடியாது என்றால் அதிகம். முதல் இரண்டு வாரம் மட்டும் வேண்டுமென்றே குறைத்து, ஒரே செட், நான்கைந்து முறை மிச்சம் வைத்து நிறுத்துங்கள். தசைநாண்களும் மூட்டுகளும் தசையைவிட மெதுவாகத்தான் பழகும். மூன்றாம் வாரத்திலிருந்து 2 செட், ஆறாம் வாரத்திலிருந்து 3 செட். செட்டுக்கு இடையே ஒன்றரை முதல் இரண்டு நிமிடம் ஓய்வு. ஒரே எடையில் அடுத்தடுத்த இரு பயிற்சி நாளிலும் கடைசி செட்டில் 14 வந்துவிட்டால் எடையை 5-10 சதவீதம் கூட்டுங்கள்.

முதல் ஆறேழு வாரத்தில் வலிமை வேகமாகக் கூடும், ஆனால் கண்ணாடியில் ஒன்றும் தெரியாது. அப்போது கூடுவது பெரும்பாலும் நரம்புகள் தசையை எழுப்பும் திறன். தசை அதன்பிறகே தடிக்கும். "ஒன்றரை மாதம் செய்தேன், ஒன்றும் தெரியவில்லை" என்று நிறுத்துகிறவர்கள் சரியாகக் கதவு திறக்கும் நேரத்தில் திரும்பிப் போகிறார்கள்.

மூச்சை அடக்க வேண்டாம். எழும்போது, தள்ளும்போது, தூக்கும்போது மூச்சை விடுங்கள். மூச்சை அடக்கித் தூக்கினால் ரத்த அழுத்தம் ஒரே தாவாகத் தாவும், சிறுநீர்ப்பையையும் கருப்பையையும் கீழிருந்து தாங்கும் இடுப்புத்தளத் தசைகளிலும் அழுத்தம் இறங்கும்.

எலும்புக்கும் வேகத்துக்கும்

எலும்பு, மெதுவான நீண்ட உழைப்பைப் பெரிதாகப் பொருட்படுத்தாது. கனமான சுமையும் சட்டென்ற அதிர்வும்தான் அதற்குப் புரியும். எலும்பு அடர்த்தி குறைந்த, மாதவிடாய் நின்ற 101 பெண்களை வைத்து நடந்த லிஃப்ட்மோர் ஆய்வில், வாரம் இருமுறை 30 நிமிடம், தங்கள் உச்ச வலிமையில் 85 சதவீதத்துக்கு மேற்பட்ட எடையை 5 முறை வீதம் 5 செட் தூக்கியவர்களுக்கு 8 மாதத்தில் இடுப்புப் பகுதி முதுகெலும்பின் அடர்த்தி 2.9 சதவீதம் கூடியது. வீட்டில் லேசான பயிற்சி செய்தவர்களுக்கு 1.2 சதவீதம் குறைந்தது. ஆனால் ஒரு நிபந்தனை உண்டு: அவர்கள் எல்லோரும் பயிற்சியாளர் பக்கத்தில் நிற்க, பல வாரம் அசைவைப் பழகிய பின்பே அந்த எடைக்குப் போனார்கள். காணொளியைப் பார்த்துத் தனியே இதை முயல வேண்டாம்.

வீட்டில் செய்யத்தக்கது குதிகால் இடிப்பு. முன்பாதத்தில் எழுந்து நின்று, உடல் எடையோடு குதிகாலைத் தரையில் 'டொக்' என்று விடுவது. 10-இல் தொடங்கி 2 செட்டாக 20 வரை. முட்டியும் முதுகும் ஒத்துழைத்தால், ஒரு மாதம் கழித்து இரு காலாலும் சிறிய குதி: 10 குதி, ஒவ்வொன்றுக்கும் இடையே சில நொடி இடைவெளி. தொடர்ந்து வரும் அதிர்வுக்கு எலும்பு பழகிச் சலித்துவிடும் என்பதால் அடுக்கடுக்காக 100 குதிப்பதைவிட, இடைவெளி விட்டுக் குதிக்கும் 10 மேல். எலும்புப்புரை (எலும்பு மெலிந்து எளிதில் முறியும் நோய்) உறுதியானவர்களும், குதித்தால் சிறுநீர் கசிகிறவர்களும் குதிக்க வேண்டாம்.

எலும்புப்புரை இருந்தால் வயிற்றுக்கென்று செய்யும் சிட்-அப், நின்றபடி காலைத் தொடுவது, எடையோடு முதுகைத் திருகுவது ஆகிய மூன்றையும் விட்டுவிடுங்கள். முன்னோக்கி வளையும்போது முதுகெலும்பின் முன்பகுதி நசுங்குகிறது. முதுகை வளைக்கும் பயிற்சிகளைச் செய்தவர்களில் பெரும்பாலோருக்குப் புதிய முறிவுகள் வந்ததை 1984-லேயே ஓர் ஆய்வு காட்டியிருந்தது. குப்புறப் படுத்து மார்பைச் சற்றே உயர்த்தும் பயிற்சியே அவர்களுக்கு ஏற்றது.

வேகத்துக்குத் தனி நாள் வேண்டாம். ஸ்குவாட்டின் முதல் செட்டில் எடையைப் பாதியாகக் குறைத்து, மூன்று நொடியில் இறங்கி, முடிந்தவரை விரைவாக எழுங்கள். 6 முறை போதும். வேகம் குறைவதை உணர்ந்தால் நிறுத்துங்கள், களைப்போடு செய்யும் வேகப் பயிற்சி வேகத்தைக் கற்றுத்தராது.

சமநிலையும் தரையும்

சமநிலைக்குத் தினமும் 5 நிமிடம். ஒரு பாதத்தின் குதிகாலை மறு பாதத்தின் விரலோடு ஒட்டி நேர்கோட்டில் நிற்பது, அப்படியே நடப்பது, ஒற்றைக்காலில் நிற்பது என்று ஏறிப்போங்கள். 30 நொடி அசையாமல் வந்துவிட்டால் அது இனிப் பயிற்சி அல்ல. தலையை இடமும் வலமும் திருப்புங்கள், ஒரு பந்தைக் கையிலிருந்து கைக்கு மாற்றுங்கள், நூறிலிருந்து மூன்று மூன்றாகக் கழித்துக்கொண்டே நில்லுங்கள். சற்றுத் தள்ளாடினால்தான் கற்றல் நடக்கிறது. கண்ணை மூடுவதைச் சுவர்மூலையில் நின்று மட்டும் செய்யுங்கள். முதியோர் பற்றிய 108 ஆய்வுகளைத் திரட்டிய 2019 காக்ரேன் மதிப்பாய்வில், உடற்பயிற்சி விழுதல்களை 23 சதவீதம் குறைத்தது. அதில் நன்றாக உதவியவற்றில் ஒன்று, சமநிலையோடு எழுதல், எட்டுதல், அடியெடுத்தல் போன்ற அன்றாட அசைவுகளைச் சேர்த்த பயிற்சி.

தரையிலிருந்து எழுவதைத் தனித் திறனாகவே பழக வேண்டும். விழுந்து அடிபடாத பலர்கூட எழத் தெரியாமல் மணிக்கணக்கில் கிடப்பதுண்டு. படிப்படியாக இப்படி: மல்லாந்து கிடந்து பக்கவாட்டில் உருளுங்கள். மேலே உள்ள கையைத் தரையில் ஊன்றி, கீழ் முழங்கையில் எழும்புங்கள். நான்கு கால் நிலைக்கு வந்து நாற்காலியை நோக்கித் தவழுங்கள். இரு கையையும் இருக்கையில் ஊன்றி, வலுவான காலை முன்னே வைத்து, பாதம் முழுக்கத் தரையில் பதிந்ததை உறுதி செய்தபின் எழுந்து, இடுப்பைத் திருப்பி உட்காருங்கள். வாரம் இருமுறை, 3 தடவை. எளிதானதும் இரு கைக்குப் பதில் ஒரு கை, பிறகு தொடையில் மட்டும் கை. முட்டி வலித்தால் கீழே மடித்த போர்வை போடுங்கள்.

மூச்சு வாங்கும் பயிற்சி

இதற்கு அதிகம் சொல்ல வேண்டியதில்லை. பேச முடிகிறது, பாட முடியவில்லை என்ற அளவு மிதமான உழைப்பு. இரண்டு மூன்று சொல்லுக்கு மேல் பேச மூச்சு இல்லை என்றால் கடுமையான உழைப்பு. அதில் 75 நிமிடம், மிதமானதில் 150-க்குச் சமம். வாரம் ஒரு நாளாவது நடையின் நடுவே 1 நிமிடம் மிக வேகம், 2 நிமிடம் மெதுவாக என்று 5 முறை செய்யுங்கள். 10,000 அடி என்ற எண்ணைப் பற்றிக் கவலை வேண்டாம். அது 1960-களில் ஜப்பானில் விற்ற ஓர் அடியெண்ணியின் பெயரிலிருந்து வந்த இலக்கு. சராசரி 72 வயதுப் பெண்களிடம் நடந்த ஆய்வில் ஒரு நாளைக்கு 4,400 அடியிலேயே பயன் தெரிந்தது, சுமார் 7,500-க்குமேல் கூடவில்லை.

எங்கே பிசகும்

முட்டிவலி. பயிற்சியின்போது 10-க்கு 3 வரை வலித்து, மறுநாள் காலைக்குள் பழைய நிலைக்குத் திரும்பினால் தொடரலாம். மறுநாளும் கூடுதலாக இருந்தால் அல்லது முட்டி வீங்கினால் ஆழத்தையும் எடையையும் மூன்றில் ஒரு பங்கு குறையுங்கள். முழுதாக நிறுத்துவது பெரும்பாலும் தவறான முடிவு, ஏனெனில் தொடை மெலிந்தால் அந்தச் சுமையும் முட்டிக்கே வரும்.

இடுப்பின் வெளிப்பக்க வலி. 40-60 வயதுப் பெண்களிடம் மிகச் சாதாரணம். பக்கவாட்டில் படுத்தால் வலிக்கும், படியேறினால் வலிக்கும். "இறுகிவிட்டது" என்று நினைத்துக் காலைக் குறுக்கே இழுத்து நீட்டுவார்கள், அதில்தான் மோசமாகும். பெரும்பாலும் அது புட்டத்தசையின் நாண், எலும்போடு அழுந்தி நோவெடுத்தது. நீட்டுவதை நிறுத்துங்கள், கால் மேல் கால் போடாதீர்கள், ஒரு இடுப்பில் சாய்ந்து நிற்காதீர்கள், தூங்கும்போது முட்டிகளுக்கு நடுவே தலையணை வையுங்கள். மல்லாந்து படுத்து இடுப்பை உயர்த்தும் பாலப் பயிற்சியை மெதுவாகக் கூட்டுங்கள். இரண்டு மூன்று மாதம் பிடிக்கும்.

தோள். 40-60 வயதில், குறிப்பாகச் சர்க்கரை நோய் உள்ளவர்களுக்கு, தோள் இறுகிப்போவதுண்டு. மற்றொருவர் உங்கள் கையைத் தூக்கினாலும் போகவில்லை என்றால் அது தசைப்பிடிப்பு அல்ல. வலியை மீறி இழுக்காமல் மருத்துவரிடமோ பிசியோதெரபிஸ்டிடமோ காட்டுங்கள்.

சிறுநீர்க் கசிவு. பயிற்சியை விட்டுவிடுவதற்கு இது பெரிய காரணம், யாரும் வாய்விட்டுச் சொல்வதில்லை என்பதால் பயிற்சியாளருக்கும் தெரிவதில்லை. இடுப்புத்தளத் தசையை, வாயு பிரியாமல் அடக்குவதுபோல் உள்ளே மேலே இழுத்து 6-8 நொடி பிடித்து, அதே அளவு நேரம் தளர விடுங்கள். 8 முறை, நாளுக்கு 3 வேளை, குறைந்தது 3 மாதம். புட்டத்தையோ தொடையையோ இறுக்குவதும், மூச்சை அடக்குவதும், கீழ்நோக்கி முக்குவதும் இதில் நடக்கும் தவறுகள். சிறுநீர் கழிக்கும் நடுவே நிறுத்திப் பயிற்சி செய்யாதீர்கள். தும்மல் வருமுன், எடை தூக்குமுன் ஒரு முறை இறுக்கிக்கொள்ளும் பழக்கம் உடனடியாகவே உதவும். கீழே கனமாக இறங்குவதுபோல் தோன்றினால் பரிசோதித்துக்கொள்ளுங்கள்.

பயிற்சி ஒருபக்கம் நடக்க, புரதம் போதாவிட்டால் தசை வளராது. உடல் எடையில் கிலோவுக்கு 1 முதல் 1.2 கிராம், அதாவது 60 கிலோ பெண்ணுக்கு நாளுக்கு 60-72 கிராம். இரவில் மொத்தமாக அல்லாமல் மூன்று வேளைக்கும் பிரித்து 20-25 கிராம் வீதம். சிறுநீரக நோய் இருந்தால் இந்த அளவை மருத்துவர் சொல்ல வேண்டும்.

வாரத்தில் எப்படி அடுக்குவது

திங்கள், வியாழன் வலிமை. செவ்வாய், வெள்ளி, ஞாயிறு நடை, அதில் ஒன்றில் வேக இடைவெளி. சமநிலை தினமும், பல் துலக்கும் நேரத்தோடு சேர்த்துக்கொண்டால் மறக்காது. மாதவிடாய் நிற்கும் காலத்தில் திடீரென உடல் கொதிப்பதால் தூக்கம் கெட்ட நாளில் செட்டைக் குறையுங்கள், எடையைக் குறைக்க வேண்டாம்: 3 செட்டுக்குப் பதில் 1. வீட்டில் ஒருவர் படுத்துவிட்டால், பயணம் வந்தால், வேலை தலைக்கு மேல் போனால், வாரம் ஒரு நாள், ஸ்குவாட்டும் இழுத்தலும் குதிகால் உயர்த்தலும் ஒவ்வொரு செட். 12 நிமிடம். சேர்த்துவைத்த வலிமையைச் சில வாரங்களுக்குத் தாங்க இவ்வளவே போதும். பெண்களின் நடுவயதில் இத்தகைய வாரங்கள் விதிவிலக்கு அல்ல, ஆகவே இந்தக் குறுகிய பட்டியலை முதல் நாளே எழுதிச் சுவரில் ஒட்டிவிடுங்கள்.

காய்ச்சலோ அறுவையோ வந்து படுக்கையில் கிடந்தால் கணக்கு மாறும். உடல்நலமுள்ள முதியவர்கள் 10 நாள் படுக்கையிலேயே கிடந்தபோது கால்களில் மட்டும் ஏறத்தாழ 1 கிலோ தசைத்திசுவை இழந்தார்கள் என்று 2007-இல் வெளியான ஓர் ஆய்வு காட்டியது. ஆகவே மருத்துவர் தடுக்காதவரை, எழ முடிந்த முதல் நாளிலேயே மணிக்கு ஒரு முறை கட்டிலோரத்தில் உட்கார்ந்து எழுங்கள். ஒரு வாரம் விட்டுப்போயிருந்தால் பழைய எடையிலேயே ஒரு செட் குறைத்துத் தொடங்கலாம். இரண்டு மூன்று வாரம் என்றால் எடையை 20-30 சதவீதம் குறையுங்கள். இரண்டு மாதம் தாண்டிவிட்டால் பாதி எடை, ஒரு செட், பிறகு வாரத்துக்கு 10 சதவீதமாக ஏற்றம். இழந்ததைத் திரும்பப் பெறுவது முதல் தடவை சேர்த்ததைவிடச் சீக்கிரமே நடக்கும். நாற்காலிச் சோதனையை 12 வாரத்துக்கு ஒரு முறை, அதே நாற்காலியில், அதே நேரத்தில் செய்து பழைய எண்ணுக்குப் பக்கத்திலேயே குறியுங்கள்.